செயல்முறைப் படம் வரைய எந்த மென்பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்குச் செயல்முறைப் படங்கள் வரைந்து தருவது என் தொழில். ஆர்டர் வந்த நாள் முதல் பெட்டிகள் கண்டெய்னரில் ஏறும் நாள் வரை எந்த வேலை யார் கையில் இருக்கிறது, எதற்கு அடுத்து எது என்பதைப் படமாக்கும் வேலை. வரையக் கற்றுக்கொடுக்கும் இடங்களிலெல்லாம் மென்பொருளைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் எழுகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பனியன் தொழிலைச் சேர்ந்தவை. ஆஸ்பத்திரி, வங்கி, கல்லூரி அலுவலகம் என எங்கு வேலை செய்பவருக்கும் பதில்கள் பொருந்தும்.

பிபிஎம்என் என்கிறார்களே, அது என்ன? சாதாரண ஃப்ளோ சார்ட் போதாதா?

பிசினஸ் ப்ராசஸ் மாடல் அண்ட் நோட்டேஷன் என்பதன் சுருக்கம். ஒரு நிறுவனத்தில் வேலை நடக்கும் வரிசையைப் படமாக வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறை அது. வட்டம் என்றால் நிகழ்வு, முனை மழுங்கிய செவ்வகம் என்றால் பணி, சாய்சதுரம் என்றால் பாதை பிரியும் அல்லது சேரும் இடம். இந்தப் பொருள் எல்லா ஊரிலும் எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். அதனால் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வரைந்ததைக் கணக்குப் பிரிவினரும், வெளியூரிலிருந்து வரும் தணிக்கையாளரும் பக்கத்தில் யாரும் நின்று விளக்காமலேயே படிக்க முடியும்.

ஃப்ளோ சார்ட் ஒரே ஆள் ஒரே இடத்தில் செய்யும் வேலைக்குப் போதும். துணி சாயப்பட்டறையில் இருக்கும்போதே இங்கே லேபிளும் பட்டனும் வாங்கப்படுகின்றன. பையர் இன்னும் ஷேடுக்கு, அதாவது சாய நிறத்துக்கு, ஒப்புதல் தரவில்லை. பத்து நாள் தாண்டினால் யாராவது போன் செய்ய வேண்டும். இந்த நான்கையும் ஒரே படத்தில் குழப்பமில்லாமல் காட்ட ஃப்ளோ சார்ட்டில் வழி கிடையாது.

இந்தக் குறியீடுகளை யார் முடிவு செய்தார்கள்? பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டியதில்லை. முதல் பதிப்பு 2004-இல் வெளிவந்தது. அதன்பின் பொறுப்பு ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்னும் தர அமைப்பிடம் வந்தது. 2011-இல் பிபிஎம்என் 2.0 வெளியானது, 2013-இல் ஐஎஸ்ஓ 19510 என்ற எண்ணில் சர்வதேசத் தரமாகவும் ஆனது. விதிநூல் 500 பக்கங்களுக்கு மேல். அமைப்பின் தளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

மென்பொருள் தேர்வுக்கு 2011-தான் முக்கியமான ஆண்டு. அதற்கு முந்தைய பதிப்புகள் படம் எப்படித் தோன்ற வேண்டும் என்று சொன்னதோடு நின்றன. 2.0-தான் படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் முறையையும் வகுத்தது. அந்தக் கோப்பைப் பற்றித்தான் கீழே பல பதில்களில் பேசப்போகிறேன்.

500 பக்கமா? எத்தனை வடிவங்கள் தெரிந்தால் வரையத் தொடங்கலாம்?

ஏழெட்டு போதும். மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம், தடித்த கோட்டு வட்டம் முடிவு, இரட்டைக் கோட்டு வட்டம் நடுவில் நேரும் நிகழ்வு. பணிக்குச் செவ்வகம். சாய்சதுரத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் பாதைகளில் ஒன்றில் மட்டும் போக வேண்டும். கூட்டல் குறி இருந்தால் எல்லாப் பாதைகளிலும் ஒரே நேரத்தில். இவற்றோடு பூல், லேன் என்னும் இரண்டு. நீச்சல் குளத்தையும் அதில் கயிறு கட்டிப் பிரித்த தடங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். குளம் ஒரு நிறுவனம், தடம் அதன் ஒரு பிரிவு. மற்ற வடிவங்கள் தேவைப்படும் நாளில் தாமாகவே அறிமுகமாகும்.

டிரா.ஐஓ-வில் பிபிஎம்என் வடிவங்கள் எல்லாம் இருக்கின்றன. இலவசம் வேறு. அது போதாதா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. டிரா.ஐஓ நல்ல மென்பொருள். நானும் அலுவலக வரைபடம், நெட்வொர்க் படம் எல்லாம் அதில்தான் வரைகிறேன். ஆனால் அதில் நீங்கள் வைக்கும் செவ்வகம் வெறும் செவ்வகம். அது ஒரு பணி என்பதோ, அதிலிருந்து கிளம்பும் அம்பு அடுத்த பணியைத் தொடங்கி வைக்கிறது என்பதோ அந்த மென்பொருளுக்குத் தெரியாது. முடிவு வட்டத்திலிருந்து இன்னொரு அம்பை இழுத்தாலும் அது தடுக்காது. பிபிஎம்என் 2.0 வகுத்த எக்ஸ்எம்எல் கோப்பாகவும் அதில் சேமிக்க முடியாது.

அந்த எக்ஸ்எம்எல் கோப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி வேலையின் பொருளைச் சொல்கிறது: ‘துணியை எடைபோடு’ ஒரு பணி, அதை அடுத்து ‘சலான் எழுது’. இரண்டாம் பகுதி அந்தப் பணி தாளில் எங்கே, எவ்வளவு அகலத்தில் நிற்கிறது, கோடு எங்கே வளைகிறது என்று சொல்கிறது. முதல் பகுதி இருப்பதால்தான் வேறொரு மென்பொருளால் படத்தைப் புரிந்துகொள்ளவும், பிழை காட்டவும், தேவைப்பட்டால் இயக்கவும் முடிகிறது. ஒரே ஒரு படம், ஒரு கூட்டத்தில் காட்டிவிட்டு விட்டுவிடுவீர்கள் என்றால் டிரா.ஐஓ தாராளமாகப் போதும். மூன்று வருடம் வைத்திருந்து திருத்தப்போகும் படத்துக்கு அது போதாது.

சரி, காசு செலவில்லாமல் எதில் தொடங்குவது?

கமுண்டா மாடலரில் தொடங்குங்கள். பெர்லினைச் சேர்ந்த கமுண்டா நிறுவனம் வெளியிடும் திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணக்குத் தொடங்க வேண்டாம். இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இயல்பாகவே மேலே சொன்ன எக்ஸ்எம்எல் கோப்பாகத்தான் சேமிக்கும் (இனி அதைத் தரக் கோப்பு என்கிறேன்). பிஎன்ஜி, எஸ்விஜி படங்களாகவும் எடுக்கலாம்.

நிறுவிப் பார்ப்பதற்கு முன் கையால் தொட்டுப் பார்க்க விரும்பினால், அதே குழுவின் பிபிஎம்என்.ஐஓ தளத்தில் உலாவியிலேயே வரையலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அந்தப் பக்கம் உங்கள் படத்தை எங்கும் சேமித்து வைப்பதில்லை. இறக்கிக்கொள்ளாமல் மூடினால் படம் போய்விடும்.

பிசாகி மாடலர் பார்க்க அழகாக இருக்கிறது. அதை ஏன் முதலில் சொல்லவில்லை?

அழகாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் விளக்கம் எழுதி, மொத்தத்தையும் வேர்டு ஆவணமாகவோ பிடிஎஃப் ஆகவோ வெளியிடும் வசதி அதன் பெரிய பலம். தரச் சான்றிதழுக்காக நடைமுறைக் கையேடு தயாரிப்பவருக்கு அது பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

முதலிடம் தராததற்குக் காரணம், அது தனக்கே உரிய கோப்பு வடிவில் சேமிப்பதுதான். தரக் கோப்பு வேண்டுமென்றால் ஏற்றுமதி என்று தனியாக ஒருமுறை செய்ய வேண்டும். மாதக் கடைசியில், ஷிப்மென்ட் நெருக்கடியில், அந்த ஒரு படியை யாரும் நினைவில் வைத்துச் செய்வதில்லை. விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இலவசத் திட்டத்தில் எந்தெந்த வசதிகள் அடக்கம் என்பதை நிறுவும் நாளன்று அவர்கள் தளத்திலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் ஆபீசில் விசியோ ஏற்கெனவே வாங்கியிருக்கிறோம். அதை வீணாக்குவதா?

விசியோ மைக்ரோசாஃப்டின் படம் வரையும் மென்பொருள். அதில் எந்தத் திட்டம் வாங்கியிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பிபிஎம்என் வார்ப்புரு உயர்நிலைப் பதிப்புகளில்தான் வரும். அது இருந்தால், படத்தில் விதிமீறல் உண்டா என்று சரிபார்க்கும் வசதியும் கூடவே கிடைக்கும். அந்த வகையில் டிரா.ஐஓ-வைவிட ஒரு படி மேல்.

ஆனால் விசியோவிலிருந்து நேரடியாகத் தரக் கோப்பு வெளியே வராது. எனவே நான்காம் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இதற்கும்.

பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள் எப்போதுதான் தேவைப்படும்?

படங்கள் நூற்றைத் தாண்டும்போதும், வரைபவர்கள் பலராகும்போதும். இந்தப் படத்துக்குப் பொறுப்பாளர் யார், எந்தப் பதிப்பு ஒப்புதல் பெற்றது, ‘இறுதிப் பரிசோதனை’ என்ற சொல்லை எத்தனை படங்களில் பயன்படுத்தியிருக்கிறோம் என்ற கேள்விகளுக்குத் தனித்தனிக் கோப்புகளால் பதில் சொல்ல முடியாது. சிக்னாவியோ, ஏரிஸ் போன்றவை அதற்காகவே கட்டப்பட்டவை. சிக்னாவியோவின் கதையே சுவையானது: ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரில் உள்ள ஹாசோ பிளாட்னர் கல்விக்கூடத்தில் ஓரிக்ஸ் என்ற ஆராய்ச்சித் திட்டமாக முளைத்து, 2009-இல் நிறுவனமாகி, 2021-இல் எஸ்ஏபி என்னும் வணிக மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது. எஸ்ஏபி பயன்படுத்தும் பெரிய ஆலைகளுக்கு அது இயல்பான தேர்வு.

ஐம்பது தையல் இயந்திரம் உள்ள யூனிட்டுக்கு இவை எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒருவரை நல்ல பயிற்சிக்கு அனுப்புங்கள்.

எல்லா மென்பொருளும் ‘பிபிஎம்என் 2.0 ஆதரவு உண்டு’ என்றுதான் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

எதையும் நம்பாமல் ஒரு சோதனை செய்யுங்கள். அரை மணி நேரம் போதும்.

முதலில் ஒரு சிறிய படம் வரையுங்கள். இரண்டு பூல்கள்: ஒன்று உங்கள் நிறுவனம், மற்றது சாயப்பட்டறை. உங்கள் பூலில் இரண்டு லேன்கள். ஒரு கூட்டல் குறி கேட்வேயில் (பாதை பிரியும், சேரும் சாய்சதுரத்தின் பெயர் அது) பிரிந்து இன்னொன்றில் சேரும் இரு பாதைகள். பூல்களுக்கு இடையே விட்டுவிட்டுத் தெரியும் ஒரு செய்திக் கோடு. ஒரு பணியின் விளிம்பில் ஒட்டிய கடிகார நிகழ்வு. ‘பத்து நாளில் துணி திரும்பவில்லை’ என்று அதற்குப் பெயரிடுங்கள். ஒரு உள்செயல்முறை, அதாவது பல பணிகளைத் தனக்குள் அடக்கிய ஒரு பெட்டி. பெயர்கள் சில தமிழில், சில ஆங்கிலத்தில். இதைச் சேமித்து வேறொரு நிறுவனத்தின் மென்பொருளில் திறந்து, ஒரு பெட்டியை நகர்த்தி மீண்டும் சேமித்து, முதல் மென்பொருளில் திரும்பத் திறங்கள். கடிகாரம் பணியின் விளிம்பிலேயே ஒட்டியிருக்கிறதா? லேன் பெயர்கள் நிலைத்தனவா? செய்திக் கோடு சாதாரணக் கோடாக மாறிவிட்டதா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் எந்த விளம்பரத்தைவிடவும் நம்பகமானது.

தர அமைப்பின் கீழேயே, மாதிரிப் படங்களைக் கொண்டு மென்பொருள்களுக்கிடையே கோப்புப் பரிமாற்றத்தைச் சோதிக்கும் ஒரு பணிக்குழு இருக்கிறது. அதன் முடிவுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. நீங்கள் யோசிக்கும் மென்பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையச் சேவையில் வரைந்த படங்கள் சந்தா முடிந்ததும் திறக்க முடியாமல் போயின. கையில் மிஞ்சியவை வெறும் பிஎன்ஜி படங்கள். அத்தனையையும் அவற்றைப் பார்த்துப் பார்த்து மறுபடி வரைந்தேன். அந்த உழைப்பு வேறு யாருக்கும் நேரக்கூடாது என்று உளமார விரும்புகிறேன்.

வேறொருவர் அனுப்பிய கோப்பைத் திறந்தால் வெறுமையாக இருக்கிறது. இன்னொன்றில் நிறங்கள் எல்லாம் போய்விட்டன. கோப்பு கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெட்டிருக்காது. நான்காம் பதிலில் சொன்ன இரண்டாம் பகுதி, அதாவது இடம் குறிக்கும் பகுதி, கோப்பில் இல்லாவிட்டால் காட்டுவதற்குப் படம் எதுவும் இருக்காது. வேலையின் பொருள் உள்ளே பத்திரமாக இருக்கும். அனுப்பியவரிடம் வேறு முறையில் ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள்.

நிறம் வேறு விஷயம். பிபிஎம்என் 2.0 விதிநூலில் நிறத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் கூடுதல் குறிப்பாகச் சேர்க்கிறது. மற்றவை அதைப் படிக்காமல் விட்டுவிடலாம். ஆகவே ‘சிவப்பு என்றால் தாமதமாகும் பணி’ என்று நிறத்தில் பொருள் வைக்காதீர்கள். அதை எழுத்தில் குறிப்பாகப் போடுங்கள்.

சாயப்பட்டறையை எங்கள் பூலிலேயே ஒரு லேனாகப் போட்டிருக்கிறேன். பார்த்தவர் தவறு என்கிறார். ஏன்?

சாயப்பட்டறை உங்களுடையதா, ஜாப் வொர்க்குக்குக் கொடுக்கிறீர்களா? உங்களுடையது என்றால் லேன் சரி. வெளியார் என்றால் அது தனிப் பூல். அங்கே எந்தத் தொட்டியில் எப்போது துணி இறங்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை. சலானோடு துணியை அனுப்புகிறீர்கள், திரும்பி வரக் காத்திருக்கிறீர்கள். உங்கள் கட்டுப்பாடு முடியும் இடத்தில் பூலின் எல்லைக்கோடு விழ வேண்டும். உள்ளே நடப்பது தெரியாவிட்டால் வெறும் பெட்டியாக, பெயர் மட்டும் எழுதி விடலாம். அதுவும் விதிப்படி சரியே.

இதில் மென்பொருளின் தரமும் தெரிந்துவிடும். ஒரு பூலிலிருந்து இன்னொரு பூலுக்கு முழுக்கோடு போகக்கூடாது; விட்டுவிட்டுத் தெரியும் செய்திக் கோடுதான் போகலாம். கமுண்டா மாடலரில் எல்லையைத் தாண்டி இழுத்தால் அது தானாகவே செய்திக் கோடாகிவிடும். விதி தெரியாதவரையும் சரியான பக்கம் திருப்பும் மென்பொருள்தான் கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது.

வரைந்தது சரிதானா என்று மென்பொருளே சொல்லுமா?

வடிவத்தில் உள்ள பிழையைச் சொல்லும். பெயரில்லாத பணி, எதோடும் சேராத பெட்டி, கேட்வே இல்லாமல் பிரியும் கோடு ஆகியவற்றைப் பிடிக்க பிபிஎம்என்லின்ட் என்ற சரிபார்ப்பு நிரல் இருக்கிறது. பிபிஎம்என்.ஐஓ குழுவின் டோக்கன் சிமுலேஷன் இன்னும் உதவியானது. தொடக்க வட்டத்திலிருந்து ஒரு சிறு புள்ளி கிளம்பி, அம்புகளின் வழியே நகர்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அதைக் காட்டித்தான் நான் ஒரு பிழையை விளக்குவேன். துணி சாயமேறுவதும் லேபிள், பட்டன் வாங்குவதும் கூட்டல் குறியில் பிரிந்து ஒரே நேரத்தில் நடக்கின்றன. சேரும் இடத்தில் தவறுதலாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டால், லேபிள் வந்ததும் ஒருமுறை, துணி வந்ததும் ஒருமுறை எனத் தையல் இரண்டு முறை தொடங்கும். மாற்றிப் போட்டால், அதாவது பெருக்கல் குறியில் பிரித்துக் கூட்டல் குறியில் சேர்த்தால், வரவே போகாத இன்னொரு புள்ளிக்காகப் படம் என்றென்றும் காத்து நிற்கும். இரண்டையும் ஓட்டிக் காட்டினால் தையல் மாஸ்டருக்கும் ஒரே நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

நீங்கள் வரைந்ததுதான் தரையில் நடக்கிறதா என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. அதற்குப் படத்தை எடுத்துக்கொண்டு கட்டிங் டேபிளுக்கும் செக்கிங் பகுதிக்கும் நடந்து போக வேண்டும்.

பெயர்களைத் தமிழில் எழுதலாமா? எழுத்து உடையாதா?

கட்டாயம் எழுதுங்கள். படிக்க வேண்டியவர்கள் தமிழில் வேலை செய்பவர்கள். படமும் தமிழில்தான் இருக்க வேண்டும். யூனிகோடில் தட்டச்சு செய்தால் தரக் கோப்பில் எழுத்துக்கு எந்தச் சேதமும் வராது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் வேறு கணினியில் ஆங்கில எழுத்துக்குவியலாகத்தான் தெரியும்.

இடம்தான் சிக்கல். பணிப் பெட்டி சிறியது, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘தரப்பரிசோதனையறிக்கை’ என்று சேர்த்து எழுதினால் பெட்டிக்குள் கண்ட இடத்தில் உடையும். ‘ஷேடு பார்’, ‘துணியை எடைபோடு’, ‘பீஸ் எண்ணு’ என்று இரண்டு மூன்று சொற்களில், செய் என்று ஏவும் வினையில் எழுதுங்கள். படிக்கவும் இதமாக இருக்கும். அச்சகத்துக்கு அனுப்பும்போது எஸ்விஜி-யைத் தவிர்த்துவிடுங்கள். அதில் எழுத்துருவின் பெயர் மட்டுமே இருக்கும். அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தோற்றம் மாறிவிடும்.

கமுண்டா மாடலரில் புதுப் படம் தொடங்கும்போது 7 வேண்டுமா, 8 வேண்டுமா என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

வரைந்து, அச்சிட்டு, பேசுவதற்கு மட்டும் என்றால் எதை அழுத்தினாலும் கண்ணுக்குத் தெரியும் படம் ஒன்றுதான். படத்தைக் கணினியில் இயக்கி, வேலைகளை ஆட்களுக்குத் தானாக ஒதுக்கப்போகிறீர்கள் என்றால்தான் வேறுபாடு. இரண்டும் வெவ்வேறு இயக்க எந்திரங்கள். கோப்புக்குள் சேர்க்கும் கூடுதல் குறிப்புகளும் வேறு. 7-இன் இலவசப் பதிப்புக்கான வெளியீடுகள் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால், புதிதாகத் தொடங்குபவர் 8-ஐத் தேர்வதே நல்லது. திறந்த மூல எந்திரமே வேண்டும் என்பவர்கள் ஃப்ளோவபிளைப் பார்க்கலாம். அதுவும் கமுண்டாவும் ஆக்டிவிட்டி என்ற ஒரே தாய்த் திட்டத்திலிருந்து பிரிந்தவை.

சாட்பாட்டிடம் சொன்னால் படத்தை வரைந்து தந்துவிடுகிறதாமே?

தருகிறது. தரக் கோப்பாகக் கேட்டாலும் எழுதித் தரும். இடம் குறிக்கும் பகுதியை விட்டுவிட்டால் மேலே சொன்ன வெறுமைதான் மிஞ்சும். அதைவிடப் பெரிய குறை வேறு: எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பொதுவான படத்தைத்தான் அது தரும். உங்கள் கம்பெனியில் லேப் டிப் (சிறு துணியில் சாயமேற்றிக் காட்டும் மாதிரி) ஒப்புதல் வருவதற்கு முன்பே அவசரத்துக்குத் துணியை சாயத்துக்கு அனுப்பும் வழக்கம் இருந்தால் அது அதற்குத் தெரியாது. அந்த வழக்கத்தைக் கண்டுபிடிக்கத்தான் படமே வரைகிறோம்.

எங்களிடம் விசியோ படங்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. அத்தனையையும் மாற்றி வரைய வேண்டுமா?

வேண்டாம். கடந்த ஒரு வருடத்தில் யாராவது திறந்து பார்த்த படங்கள் எவை என்று முதலில் பிரியுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே கழிந்துவிடும். அவற்றை பிடிஎஃப் ஆக எடுத்து அடுக்கி வைத்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் எதைத் திருத்த வேண்டிய தேவை வருகிறதோ, அன்றைக்கு அதைப் புதிய மென்பொருளில் வரையுங்கள்.

தானாக மாற்றித் தரும் கருவிகளும் கிடைக்கின்றன. விசியோவில் செவ்வகத்தின் மேல் தனியாக ஒரு எழுத்துப் பெட்டியை வைத்திருந்தால் அந்தக் கருவி ஏமாந்துவிடும். எழுத்து ஒரு பக்கம், பெயரில்லாத பணி ஒரு பக்கம் என்று வரும். ஒரே ஒரு படத்தை மாற்றிப் பார்த்து, அதைச் சரிசெய்ய எடுக்கும் நேரத்தையும் கையால் புதிதாக வரைய எடுக்கும் நேரத்தையும் ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என் அனுபவத்தில் இருபது பெட்டிகளுக்குள் உள்ள படத்தைக் கையால் வரைவதே சீக்கிரம் முடிகிறது. வரையும்போது, இப்போது யாரும் செய்யாத இரண்டு பணிகளாவது அதில் கண்ணில் படும். அவற்றை நீக்குவதற்கு முன் அந்தப் பிரிவின் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.